சும்மா கிடக்கிற பூமி

மின்கம்பிகள் எந்த வழியாகப் போக வேண்டும் என்ற அரசின் திட்டத்தை ஆராயும் பாராளுமன்றக் குழுவொன்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது என்று பத்திரிகையில் கண்டதும் எனக்குக் கை துருதுருத்தது. மனு எழுதுவது எனக்கு நெடுநாள் வியாதி. கல்முனையில் அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் ஒருவன், அவற்றால் யாருக்காவது பிரயோசனம் உண்டென்று ஐம்பது வயதிலாவது காட்ட வேண்டாமா?

காரணமும் இருந்தது. சவளக்கடையில் காக்காவின் இரண்டு ஏக்கர் வயலுக்கு நட்டநடுவில் மின்கோபுரம் வருமென்று அளந்து, சிவப்பு முளை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். காக்கா என் ஒரே அண்ணன். வாப்பா மவுத்தான பிறகு அந்த வயலை விதைத்துத்தான் என்னைப் படிப்பித்தார். பக்கத்தில் வாய்க்கால் கரை இருக்கிறது. கோபுரத்தை அங்கே தள்ளி வைத்தால் போதும். காக்கா கேட்டது அவ்வளவுதான்.

காக்காவின் பெயரில் நான் நிரப்பிய படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: ‘காணியின் தற்போதைய பயன்பாடு’.

“காக்கா, பூமி இப்ப எப்படி?”

“இப்ப என்னடா, சிறுபோகம் வெட்டியாச்சு. சும்மா கிடக்கு. மழையக் கண்டா விதைக்கிறதான்.”

ஒரு போகத்துக்கும் அடுத்த போகத்துக்கும் இடையில் எங்கள் பக்கத்தில் எல்லா வயலும் சும்மாதான் கிடக்கும். யாரும் அதை விட்டுப் போய்விட்டதாக அர்த்தமில்லை. ‘நெற்காணி’ என்று எழுதியிருக்கலாம். எவனும் அப்படித்தான் எழுதுவான். நான் இலக்கியம் படித்தவன் அல்லவா? மக்களின் சொல்லை அப்படியே சபையேற்ற விரும்பி, ‘தற்போது சும்மா கிடக்கிறது’ என்று எழுதினேன். மழைக் கதையை வெட்டிவிட்டு முற்றுப்புள்ளி வைத்தேன். வசனத்தின் சுருக்கத்தை நானே இரண்டு தரம் வாசித்து ரசித்தேன்.

கொழும்புக்கு அழைத்தார்கள். காக்கா பெருநாளுக்குத் தைத்த சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். இருவர் காதிலும் மொழிபெயர்ப்புக் கருவி மாட்டப்பட்டது.

குழு உறுப்பினர் ஒருவர் அமைச்சு அதிகாரியிடம் எங்களுக்காக நன்றாகவே கேட்டார்: “பயிர் செய்யும் காணிகளைத் தவிர்க்க வேண்டுமென்று உங்கள் கொள்கையிலேயே இருக்கிறதே. வாய்க்கால் கரையை ஏன் பார்க்கவில்லை?”

காக்கா சந்தோசத்தில் என் தொடையைத் தட்டினார்.

அதிகாரி எங்கள் மனு இருந்த கோவையைப் புரட்டிச் சிங்களத்தில் எதையோ வாசித்தார். காதுக்குள் ஒரு பெண்குரல் சுத்தமான தமிழில் சொன்னது: “இக்காணி பயன்பாடற்றது என உரிமையாளரே எழுத்தில் தெரிவித்துள்ளார்.”

என் சொல் சிங்களத்துக்குப் போய், தலைமயிர் வெட்டி, சப்பாத்துப் போட்டுத் திரும்பி வந்திருந்தது.

காக்கா கருவியைக் கழற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். “ஆர்டா இப்படிச் சொன்ன?”

“நான்தான் காக்கா. சும்மா கிடக்கு எண்டு எழுதினன்.”

“மழையக் கண்டா விதைப்பம் எண்டத்த?”

“அத விட்டுட்டன்.”

தலைவர் காக்காவைப் பார்த்து, எழுதியிருப்பதில் பிழை ஏதும் உண்டா என்று கேட்டார். ஒலிவாங்கியின் பொத்தான் எனக்கு முன்னால்தான் இருந்தது. பிழை என்னுடையது என்பதைக் கௌரவமாகச் சொல்ல நான் வசனம் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் காக்கா கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார்.

“இல்ல சேர். தம்பி படிச்சவர். அவர் எழுதினது சரியாத்தான் இரிக்கும்.”

குழு அடுத்த மனுவுக்குப் போனது.

வெளியில் வந்ததும், “ஏன் காக்கா?” என்றேன்.

“அவ்வளவு பெரிய மனிசருக்கு முன்னால ஒன்ட எழுத்தப் பிழை எண்டு நான் சொல்லவா? போடா விசரா.”

கோபுரம் இப்போது நடுவயலில் நிற்கிறது. உழவு மெசின் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. நான்கு கால்களுக்கிடையில் புல்தான்.

பிறகு குழுவின் அறிக்கை வந்தது. தெளிவான மொழியில் கருத்து எழுதித் தந்தவர்களுக்கு நன்றி என்று அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. யோசிக்காமல் அதைக் காக்காவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். அன்றிலிருந்து தேத்தண்ணிக் கடையில் அவருக்கு வேறு கதை இல்லை.

“பாராளுமன்றத்திலயே தம்பிட எழுத்த மெச்சியிருக்காங்க, தெரியுமா?”

நான் பக்கத்தில் இருந்த ஒருநாள், பக்கத்து வயல்காரர் சிரித்தார். “அப்ப தம்பியக் கொண்டு இன்னொண்டு எழுதிக் கோபுரத்தக் கொஞ்சம் நகத்துங்களன் காக்கா.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், அது எனக்குப் பழக்கம். காக்காவின் முகம் மட்டும் கறுத்துவிட்டது.

“கோபுரத்தப் பத்தி இஞ்ச ஆர் கதைச்ச?” என்றார். “நான் எழுத்தப் பத்திக் கதைக்கிறன்.”