பச்சையாக அறுத்த வயல்

எனக்கு எண்பத்தொன்று நடக்கிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். அதில் ஒன்றும் பசியென்று அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றதில்லை. நான் பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்புவரைதான். எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

நாஞ்சில் நாட்டிலிருந்து கல்யாணம் முடித்து நான் வந்தது மலையாள தேசத்து வெள்ளாயணிக் காயல் கரைக்கு. இப்போது அங்கே போனால் தண்ணீரும் தாமரையும்தான் தெரியும். அன்றைக்கு அந்தத் தண்ணீருக்கு அடியில் எங்களுக்கு வயல் இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் மண்வரம்பு கட்டி, உள்ளே கிடக்கிற தண்ணீரை மோட்டார் வைத்து அந்தப் பக்கம் இறைத்துவிடுவார்கள். காயலின் தரை வெளியே வரும். அந்தச் சேற்றில் தை மாதம் நாற்று நடுவோம். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடிக்கும் முன்னே நெல்லை வீடு சேர்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு காயல் தன் இடத்தை எடுத்துக்கொள்ளும்.

குனிந்து நடுகிறபோது இடுப்பு நோகிறதென்று நிமிர்ந்தால், வரம்புக்கு அப்பால் தோணி போகும். நம் தலைக்கு மேலே போகும். முதல் வருஷம் அதைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது. பழகியது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார் இரவும் பகலும் ஓடும். ஓடுகிறவரைதான் அது வயல். அந்தச் சத்தத்தை நாங்கள் காது கொடுத்துக் கேட்டதுமில்லை, கேட்காமல் இருந்ததுமில்லை.

நான் சொல்கிற வருஷம் எங்களுக்கு மூன்று பிள்ளைகள். குத்தகைக்குக் கடைசியாகப் போனதால் எல்லாவற்றிலும் தாழ்ந்த நடுத்துண்டு எங்கள் தலையில் விழுந்தது. வீட்டுக்காரர் மஞ்சக்காமாலை வந்து பாயில் கிடந்தார். கதிர் பால் பிடித்து, அப்போதுதான் இறுகத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு வாரம் வெயில் வேண்டும். ஆடி மாதத்தை இங்கே கர்க்கடகம் என்பார்கள். அடைமழையில் ஒரு வேலையும் கிடைக்காது. அந்த மாதக் கஞ்சிக்கு எங்களுக்கு அந்த நெல் ஒன்றுதான் இருந்தது.

வரம்பில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தை, மூன்றாவது, இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிய தொட்டிலில் தூங்கியது. திடீரென்று வீரிட்டு அழுதது. எறும்பு கடித்ததோ என்று ஓடிப்போய்த் துணியை உதறிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அப்புறம்தான் உறைத்தது, மோட்டார் நின்றிருந்தது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கிய பிள்ளை, அது போனதும் முழித்துவிட்டது.

மேட்டுத் துண்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பாறசாலைக்காரி, தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவாள். 'என்ன' என்பது அவளுக்கு 'எந்தரு', மதினி 'மைனி'.

"எந்தரு மைனி, ஓட்டமும் சாட்டமும்? மோட்டாரு ஒண்ணு மூச்சு வாங்குது, அவ்வளவுதான்."

மோட்டார் வைத்திருக்கிற புரையிலிருந்து அதை ஓட்டுகிற ஆள் வெளியே வந்து, "மோட்டாருக்க காயிலுக் கம்பி எரிஞ்சுபோச்சு. சிட்டியில கொண்டுபோயி புதுசா சுத்திக் கட்டணும்" என்றான்.

"எப்பம் வரும்?" என்று கேட்டேன்.

"வரும்போ வரும், பின்னே?"

மறுநாள் காலையில் வயலுக்குள் இறங்கினேன். வரம்பு உடையவில்லை. மழையும் இல்லை, வானம் வெளிறிக் கிடந்தது. ஆனால் காலைத் தூக்கினால் தடத்தில் தண்ணீர் ஊறி நிறைந்தது. அடியிலிருந்து வந்தது. உச்சிப்பொழுதுக்குள் தடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. நண்டுகள் நெல்தாளைப் பிடித்து மேலே ஏறின. அதற்கு அடுத்த நாள் கதிருக்கு நடுவே பொடிமீன் நீந்தியது. எங்கேயும் ஒரு சத்தமும் இல்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன்.

"இஞ்ச பாருங்க, அறுத்துரட்டா?"

"ஒனக்கென்ன பைத்தியமா பிள்ளே? பால் மாறல்ல. பொறு."

"கணுக்காலுக்கு வந்தாச்சு."

"முட்டுக்கு வரட்டும், பாப்போம்."

"முட்டுக்கு வந்தா அருவாளை எங்க போட?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

தாளின் அடி தண்ணீருக்குள் இருந்ததால் மேல்பாதியை மட்டும் பிடித்து அறுத்தேன். அரிவாளில் நெல்லின் பால் வெள்ளையாக ஒட்டியது. மேட்டிலிருந்து அவள் கத்தினாள்.

"பால்குடி மறக்காத பிள்ளையவா மைனி அறுக்குது?"

"ஒன் பிள்ளை மேட்டுல ஒக்காந்திருக்கு. எம்பிள்ளை தண்ணியில நிக்குது. நீ பேசுவ!"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, வாயை மூடாமலே என் கட்டுகளை வரம்புக்குச் சுமந்தாள். அவள் மேலே போயிருந்த நேரத்தில் என் காலில் ஏதோ உரசிக்கொண்டு போனது. மீனா பாம்பா என்று நான் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும். பொழுது சாய்கிறபோது தண்ணீர் முழங்கால் முட்டுக்கு வந்துவிட்டது. கடைசிக் கட்டை நான்தான் தூக்கினேன். திரும்பிப் பார்த்தால், நான் அறுத்த இடம் தெரியவில்லை, கறுப்பாகத் தண்ணீர் மட்டும் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து மோட்டார் வந்தது. தண்ணீர் வற்றியது. மேட்டுத் துண்டுகளெல்லாம் பழுத்து மஞ்சளாகி, மழைக்கு முன்னே வீடு சேர்ந்தன. என்னுடையது நின்றிருக்குமா, சாய்ந்து அழுகியிருக்குமா, யாருக்கும் தெரியாது. அறுத்த நெல்லைப் புழுக்கிக் காயவைத்துக் குத்தினேன். பாதி பதர், மீதி குருணை. கர்க்கடகம் முழுக்க அதோடு மரச்சீனிக் கிழங்கை நறுக்கிப் போட்டுக் கஞ்சி காய்ச்சினேன். மூன்று பிள்ளையும் குடித்தது.

வீட்டுக்காரர் எழுந்து நடமாடினதும் வருகிறவர்களிடமெல்லாம், "இவ பேடிச்சுப்போயி பால் நெல்லை அறுத்துட்டா" என்று, நான் பயந்துபோய் அறுத்ததாக, சொல்லத் தொடங்கினார். மூத்தவன் கல்யாணப் பந்தியிலும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சாகிறவரைக்கும் அதையேதான் சொன்னார். அந்தத் தண்ணீரை அவர் பார்க்கவில்லை, பாயில் கிடந்தார். நான் அதற்குள்ளே நின்றேன். அதனால்தான் என் கையாலேயே எழுதி வைக்கிறேன்.

என் பேத்தியே, மக்களே, இங்க வா. நீ மலையாளம் படிக்கிறவளானாலும் தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பாய். இதை முதலிலிருந்து சத்தமாக வாசி. நான் பேடித்தேன் என்று எங்கேயாவது தோன்றினால், அங்கே நிறுத்து.