பாலாற்றில் இறங்கியவன்

காட்பாடியில் கிளம்பிய ரயில் ஆம்பூரை நெருங்குகிறது. ஜன்னல் வழியே தோல் வாடை வருகிறது. எதிர் இருக்கையில், ஷூ கம்பெனியில் தைக்கும் பெண், செவ்வாய்க் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவனின் கதையைப் படிக்கிறார். என் கையில் இருப்பது துப்பறியும் நாவல். கொலைகாரன் யாரென்று பாதியிலேயே தெரிந்துபோனதில் எனக்கு எரிச்சல்.

"அவன் பூமிக்குத் திரும்பிடுவானா?" என்று கேட்கிறேன்.

"கடைசிப் பக்கம் இன்னும் படிக்கலைங்க. மிஷின்ல தைக்கும்போது நானே தெனமும் அவன ஒரு எடத்துல எறக்கிடுவேன். நேத்து நம்ம பாலாத்துல எறக்கினேன். சுத்தியும் மணலு, ஒரு சொட்டு தண்ணியில்ல. இன்னும் செவ்வாய்லயே இருக்கோம்னு நெனச்சி உக்காந்துட்டான், பாவம்."

ஆம்பூரில் சிரித்தபடி இறங்கிப் போகிறார். ரயில் நகர்கிறது. நாவலை மூடிவிட்டு, வெளியே நீளும் பாலாற்று மணலில் காலடித் தடம் தேடுகிறேன்.