உறுமலுக்கு இடம் கொடுத்த அண்ணி

அண்ணியைப் பற்றி நாத்தனார் பெருமையாகப் பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். என் அண்ணி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். குரலை உயர்த்தாமலே ஒரு வேன் நிறைய வாண்டுகளை சீட்டில் உட்கார வைத்துவிடுவார். வீட்டில் என் அண்ணனையும் அப்படித்தான் உட்கார வைத்திருக்கிறார்.

எதிர் ஃபிளாட்காரர்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது தங்கள் கிழட்டு நாயை எங்கேயாவது தள்ளிவிடப் பார்த்தார்கள். அண்ணி குறுக்கே விழுந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். முகமெல்லாம் நரைத்து, பின்னங்கால் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்கவே முனகும் நாய். வந்த அன்றே 'பெரியவர்' என்று பெயர் விழுந்துவிட்டது. "பெரியவர் சாப்பிட்டாரா?" என்றுதான் நாங்கள் கேட்போம்.

பெரியவரிடம் ஒரே ஒரு குறை, உறுமுவார். லிஃப்டில் யாராவது குனிந்து தலையைத் தடவ வந்தால் போதும், அடித்தொண்டையிலிருந்து கிளம்பும். மாடி வீட்டம்மா புகார் கொடுத்தார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் எங்கள் கதவைத் தட்டினார். "மாசக் கடைசில வந்து பாப்பேன். ஆபத்தான நாய்னு தோணிச்சுன்னா வெளிய அனுப்பிடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வயதில் வெளியே போனால் பெரியவரை எடுத்துக்கொள்ள நாதியில்லை. அண்ணிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அதற்குள் திரும்பிய பக்கமெல்லாம் நாய் வாத்தியார்கள் முளைத்துவிட்டார்கள். "கிழட்டு நாய் எதையும் கத்துக்காது" என்றார் வாட்ச்மேன். "நாம சாப்பிட்ட அப்புறம்தான் அதுக்கு வைக்கணும். அப்பதான் யாரு எஜமான்னு தெரியும்" என்றார் கீழ்வீட்டு மாமா. என் அண்ணன் தன் பங்குக்குப் பேப்பரைச் சுருட்டிக்கொண்டான். பெரியவர் உறுமும்போதெல்லாம் தரையில் ஓங்கி அடித்து அதட்டினான். கொஞ்ச நாளில் உறுமல் நின்றே போனது. அண்ணன் மீசையை முறுக்காத குறைதான்.

அண்ணி அந்தப் பேப்பரைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்.

"உறுமறத நிறுத்திட்டீங்க. அதுக்கு வலிக்கறத நிறுத்தினீங்களா?"

"இப்ப சத்தமே இல்லியே. நல்லதுதான?"

"ஹாரன் வயரைப் பிடுங்கிட்டு வண்டி அமைதியா ஓடுதுங்கறீங்க. கிட்ட வராதேன்னு சொல்ல அதுக்கு இருந்தது அந்த ஒரு சத்தம்தான். அதையும் பிடுங்கிட்டா அடுத்தது நேரா பல்லுதான்."

அண்ணன் தானே போய்க் குப்பைக் கூடையை மூடி வைத்தான். எனக்கு அது கண்கொள்ளாக் காட்சி.

அண்ணி பெரியவரின் கால் வலிக்கு மருந்து வாங்கி வந்தார். பிறகு எனக்கு ஒரு வேலை கொடுத்தார். நான் வெளியே போய் விருந்தாளி மாதிரி கதவைத் தட்டி உள்ளே வர வேண்டும். பெரியவர் உறுமினால் அங்கேயே நின்று பின்வாங்க வேண்டும். பெரியவர் எழுந்து மூலையில் விரித்திருக்கும் தன் பாய்க்குப் போனால் ஒரு துண்டு அவித்த கறி கிடைக்கும்.

"லஞ்சம் குடுத்துப் பழக்கறே" என்று அண்ணன் முணுமுணுத்தான்.

"நீங்க சம்பளம் வாங்காமலா ஆபீஸ் போறீங்க?"

தட்டித் தட்டி என் விரல் முட்டி வீங்கியதுதான் மிச்சம் என்று நினைத்தேன். ஆனால் பெரியவர் பாய்க்குப் போகக் கற்றுக்கொண்டார். கூடவே உறுமலும் திரும்பி வந்துவிட்டது. செயலாளர் வரும் நாளும் நெருங்கிவிட்டது.

"அண்ணி, செயலாளர் வர்ற அன்னிக்கு மட்டும் பெரியவர் வாயைக் கட்டிடலாமா?"

"ஏமாத்தி இங்க வச்சுக்கிட்டா, நாளைக்கு ஏதாவது ஒரு கொழந்தைதான் கடிபடும்" என்றார் அண்ணி. பெரியவரை இழந்தாலும் இழப்பாரே தவிர, மறைக்க மாட்டார்.

செயலாளர் வந்தார். வந்ததும் வராததுமாகக் குனிந்து, பெரியவரின் தலைக்கு மேலே கையை நீட்டினார். பெரியவர் உறுமினார். தொலைந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அண்ணியின் குரல் மட்டும் நிதானமாகக் கேட்டது. "கையை எடுத்துக்குங்க சார். கொஞ்சம் பின்னால போங்க."

நான் கண்ணைத் திறந்தபோது அவர் பின்வாங்கியிருந்தார். பெரியவர் உறுமலை நிறுத்தினார். நொண்டி நொண்டி மூலைக்குப் போய்ப் படுத்தார். அண்ணி ஒரு துண்டு கறியைக் கொடுத்தார்.

"உறுமினதுக்கா தீனி?"

"கடிக்காம சொன்னதுக்கு சார்."

செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சும்மா. உறுமினா எங்கப்பா பெல்ட்டை எடுப்பார். அப்புறம் அது உறுமறதே இல்ல. தங்கமான நாய்னு எல்லாரும் சொன்னாங்க. ஒருநாள் சத்தமே இல்லாம என் தங்கச்சி கன்னத்தைக் கடிச்சிருச்சு. அன்னிக்கே கொண்டுபோய் ஊசி போட்டுக் கொன்னுட்டாங்க." அண்ணியின் பக்கம் திரும்பிக் கேட்டார். "அதுக்கு முன்னாடி அது எங்ககிட்ட சொல்லிப் பாத்திருக்கும், இல்ல?"

"சொல்லியிருக்கும் சார்" என்றார் அண்ணி.

அவர் எழுந்தார். "இங்கயே இருக்கட்டும்மா. நல்லா உறுமட்டும்."

கதவு மூடியதும் அண்ணி பாய் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன். இவர் என் அண்ணி என்று மொட்டை மாடி வரைக்கும் கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது.