ஒவ்வொரு பல்லாக

புள்ளியியல் படித்த பெண் பொய்ப்பல் செய்யப் போனாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அவளோடு பட்டம் வாங்கியவர்கள் வங்கியிலும் காப்பீட்டுக் கம்பெனியிலும் போய் உட்கார்ந்துகொண்டார்கள். இவள் மட்டும் ஒரு மருந்துக்கடைக்கு அடியில், படியிறங்கிப் போகிற ஓர் அறையில், அடுத்தவர் வாய்க்குப் பல் கட்டிக்கொண்டிருந்தாள். "உங்க பொண்ணு எங்க வேலை பாக்குறா?" என்று யாராவது கேட்டால் அம்மா, "ஆபீஸ்ல" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று பேச்சை மாற்றிவிடுவாள்.

படிக்கும்போது விடுமுறையில் கைச்செலவுக்காகப் போய்ச் சேர்ந்த இடம்தான் அது. மெழுகைச் சூடாக்கி ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கச் சொன்னார் முதலாளி. செதுக்கி முடித்து நிமிர்ந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. மதியச் சாப்பாடு ஞாபகமே வரவில்லை. அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான். இதற்கெல்லாம் காரணம் கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

பல் கிளினிக்குகளிலிருந்து அச்சுகள் வரும். பிளாஸ்டரில் வார்த்த மேல்வாய், கீழ்வாய். கூடவே கிளினிக்கின் பெயரும் ஓர் எண்ணும் இருக்கும். யாருடைய வாய் என்று இருக்காது, கேட்கவும் கூடாது. வேலை முடிந்த அச்சுகள் அலமாரியில் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். சேர்ந்த புதிதில் அவள் அவற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். முதலாளி திட்டித்தான் அந்தப் பழக்கம் போயிற்று. இன்னொன்று மட்டும் போகவேயில்லை. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் யாரோ ஓர் ஆள் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குள் அவள் செய்த பல் இருக்கும். ஆளுக்கு அவளைத் தெரியாது. பல்லுக்கு மட்டும் தெரிந்ததுபோல் இருக்கும். அவள் வெறித்துப் பார்ப்பதைக் கண்டு அவர் வாயை மூடிக்கொள்வார்.

அச்சு எடுக்கப் பழகிய காலத்தில் அவளுக்கு வாயைக் கொடுத்தவன் அண்ணன். அப்பா போன பிறகு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு லாரி ஓட்டப் போனவன் அவன். அவளைப் படிக்கவைத்ததே அந்த லாரிதான். மேல்வரிசையில் அவனுக்கு ஒரு பல் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். "அது பக்கத்து வீட்ட எட்டிப் பாக்குதுடி, அத விடு. சீக்கிரம் எடு, குமட்டுது" என்பான். தங்கை ஏதோ பொழுதுபோக்குக்குச் செய்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

வங்கி வேலைக்கு உத்தரவு வந்தது. அவள் போக மாட்டேன் என்றாள்.

"இதுக்கா ராத்திரி பகல்னு பாக்காம வண்டி ஓட்டினேன்? எச்சில் பல்லத் தேய்க்கவா உன்னப் படிக்கவெச்சேன்? சத்தியமா சொல்றேன், இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றான். கத்தக்கூட இல்லை. அன்றைக்கு லாரியை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவேயில்லை. கைபேசி எண்ணை மாற்றிவிட்டான். வருஷங்கள் ஓடின. அம்மா அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டு அறை அறைந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

ஒரு மத்தியானம், எங்கோ தூரத்து ஊர்க் கிளினிக்கிலிருந்து வந்த அச்சைப் பிரித்தாள். மேல்வரிசையில் ஒரு பல் பக்கவாட்டில் திரும்பி நின்றது. திரும்பிய பல் ஊரில் யாருக்கும் இருக்கலாம் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு விரலை உள்ளே விட்டு மேலண்ணத்தின் மடிப்புகளைத் தடவினாள். அவள் முதன்முதலில் தடவிய வாய் அது. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. கடைவாயில் ஒரு பல் மட்டும் போயிருந்தது. அதைச் செய்து அனுப்பினாள்.

சில மாதம் கழித்து வேறொரு ஊரிலிருந்து அதே வாய் வந்தது. இன்னொரு பல் போயிருந்தது. பிறகு மறுபடியும். அந்த அச்சை அவள் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனாள்.

அம்மா அதை மடியில் வைத்து, திரும்பி நின்ற பல்லைத் தடவினாள். "உயிரோட இருக்கானா?"

"இருக்கான்மா."

"அப்புறம் ஏன் வரல?"

அவள் அச்சை வாங்கித் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். மறுநாள் அவன் அச்சுகளை எல்லாம் மேசையில் வரிசையாக வைத்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. சொத்தை விழுந்த பல் முதல் அச்சில் நின்ற இடத்திலேயே கடைசி அச்சிலும் நின்றது. போனதெல்லாம் கல்லு மாதிரி இருந்த பற்கள். கடைசி அச்சு வந்த கிளினிக்குக்குப் போன் போட்டு அதன் எண்ணைச் சொன்னாள்.

"பேரெல்லாம் சொல்லக் கூடாதுங்க" என்றாள் அங்கிருந்த பெண்.

"பேரு வேணாம். அந்தப் பல்ல எதுக்கு எடுத்தீங்க?"

"நாங்க எங்க எடுத்தோம்? டாக்டர் வேணாம்னுதான் சொன்னாரு. எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்ல. வலி தாங்கல, எடுத்தே ஆகணும்னு அவருதான் ஒத்தக் கால்ல நின்னாரு." பிறகு அவளாகவே, "பல்லு உங்ககிட்டதான் செய்யணுமாம். எத்தன நாள் ஆனாலும் பரவாயில்லைன்னாரு" என்றாள்.

போனை வைத்துவிட்டு அச்சுகளைத் திரும்பப் பார்த்தாள். சத்தியத்தையும் மீறாமல், தங்கையையும் விடாமல், ஒவ்வொரு பல்லாகப் பிடுங்கி அவன் வந்துகொண்டிருக்கிறான். அந்த வாயில் மிச்சம் எத்தனை என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது. அழுகையும் வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. பைத்தியக்காரன்!

அவள் செய்த பல் ஒன்றுகூட அதுவரை திரும்பி வந்ததில்லை. இந்த முறை வேண்டுமென்றே கெடுத்தாள். அவன் பற்கள் டீக்கறை ஏறி மங்கியவை. இவள் சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு பல்லைச் செய்து அனுப்பினாள். நிறம் ஒத்துவரவில்லை என்று கிளினிக்கிலிருந்து போன் வந்தது.

"ஆள நேர்ல அனுப்புங்க. பக்கத்துல வெச்சுப் பாத்துத்தான் கலர் சேக்கணும்" என்றாள். அது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். "நீயா இப்படிச் சொதப்பின?" என்று முதலாளி மட்டும் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

அடுத்த வாரம் ஒரு முற்பகலில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இறங்கி வந்தவரைத் தெருவில் பார்த்திருந்தால் அவள் ஒதுங்கிப் போயிருப்பாள். கன்னம் ஒட்டி, முடி கொட்டி, யாரோ ஒரு வயசான ஆள். அந்த முகத்தில் தெரிந்த இடம் ஒன்றுகூட இல்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, யாரும் கேட்காமலே, வாயைத் திறந்தார். உள்ளே இருந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"வாய மூடுண்ணா."

மூடவில்லை. மூடிய கண்ணோடு விரலை உள்ளே விட்டு, திரும்பி நின்ற அந்தப் பல்லுக்கு அடுத்த பல்லைத் தொட்டுக் காட்டினான். அது நல்ல பல்.

அவள் அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "போதும்ணா. இனி ஒரு பல்லக்கூட எடுக்கக் கூடாது. கேக்குதா?"

அவன் கண்ணைத் திறந்தான்.

"எடுக்கலைன்னா" என்றான், "அடுத்த தடவை நான் எதச் சொல்லிக்கிட்டு வர்றதும்மா?"