பாடத்திட்டத்துக்கு நான் போட்ட மார்க்

பிறர் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பது என் தொழில். டாலிகஞ்ச் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே அதைச் செய்கிறேன். “குறை சொல்றதுக்குச் சம்பளம் வாங்கற ஆள் நீ ஒருத்திதான், மத்தவங்கல்லாம் இலவசமா செய்யறாங்க” என்பார் கணவர். அவர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் பொறியாளர். அவருக்கு எப்போது வேண்டுமானாலும் இடமாற்ற உத்தரவு வரலாம். பதினோரு வருடமாக வரலாம் என்றேதான் இருக்கிறது.

அந்த உத்தரவை நம்பி நாங்கள் சுவரில் ஓர் ஆணிகூடச் சரியாக அடித்ததில்லை. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது. பீரோ வாங்கும்போதுகூட லாரியில் ஏற்றினால் கதவு ஆடுமா என்றுதான் கேட்டேன். மகளுக்கு முதல் வகுப்பில் இந்த ஊர் மொழியான வங்காளத்துக்குப் பதிலாக இந்தி எடுத்ததும் இதே காரணத்தால்தான். நாளைக்கே போபாலுக்கோ ராஞ்சிக்கோ போகச் சொன்னால் வங்காளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முடிவெடுத்தது நான். கணவர் தலையாட்டினார்.

அவள் நான்காம் வகுப்பு முடிக்கும் சமயம், பாலிகஞ்சில் இருக்கும் அவள் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐந்தாம் வகுப்பில் மொழிப்பாடம் இந்தி வேண்டுமா வங்காளம் வேண்டுமா என்று சொல்லிவிட வேண்டும், அதன்பிறகு மாற்ற முடியாது என்றார்கள். அதே வாரத்தில் வேறொரு பள்ளியில் இடம் இருப்பதாகவும் தகவல் வந்தது. அது நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம் உள்ள பள்ளி. கணவரின் அலுவலகப் பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கேதான். “ரெண்டு சிலபஸையும் பாத்து எது நல்லதுன்னு சொல்லு” என்றார் கணவர். பசித்தவளிடம் பந்திக்கு வா என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

ஐந்திலிருந்து எட்டு வரை இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் சேகரித்தேன். சில அக்கம்பக்கத்தில் இரவல், சில லேக் மார்க்கெட் பக்கம் காபிப்பொடி வாங்கப் போனபோது பழைய புத்தகக் கடையில் கிடைத்தவை. எக்செல்லில் பன்னிரண்டு கட்டங்கள் போட்டேன். பாடம் வயதுக்கு ஏற்றதா, பயிற்சிகள் யோசிக்க வைக்கின்றனவா, படங்கள் புரிகின்றனவா என்று ஒவ்வொன்றுக்கும் மார்க். சாப்பாட்டு மேசை முழுக்கப் புத்தகம். பத்து நாள் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம்.

சொல்லக்கூடாது, வேலை சுவாரசியமாகத்தான் இருந்தது. இரண்டு பாடத்திட்டங்களிலும் எந்த வகுப்பைத் திறந்தாலும் மழைநீர் சேமிப்பு வந்தது. “வருஷா வருஷம் சேமிச்சுட்டேதாம்மா இருக்கோம்” என்றாள் மகள். ஜூலையில் முழங்கால் தண்ணீரில் பள்ளிக்குப் போய் அதைப் படிக்கும் பிள்ளை வேறு என்ன சொல்லும்? பின்னங்களை ஒரு பாடத்திட்டத்தில் ஒரு வகுப்பு முன்னதாகவே ஆரம்பித்தார்கள். நடுவில் மாறும் குழந்தை அதை இரண்டு முறை படிக்கும், அல்லது படிக்காமலே போய்விடும். கணவரின் நண்பர் மகன் ஒருவன் மூன்று ஊர் மாறியதில் முகலாயர்களை மூன்று முறை படித்துவிட்டான். சதவீதம் என்ற ஒன்றை மட்டும் அவன் கண்ணிலேயே யாரும் காட்டவில்லை.

அதனால் ‘இடமாற்றம் வந்தால்’ என்ற கட்டத்துக்கு மட்டும் இரட்டிப்பு மதிப்பு கொடுத்திருந்தேன். கூட்டிப் பார்த்ததில் புதிய பள்ளிக்கு நூற்றுக்கு எண்பத்தாறு, பழைய பள்ளிக்கு எண்பத்தொன்று.

கணவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். “அந்த ஒரு கட்டத்த எடுத்துட்டா பழைய ஸ்கூல்தான முன்னாடி வருது?”

“எடுத்துட்டா அப்புறம் டேபிளே எதுக்குங்க?” என்று சுள்ளென்று விழுந்தேன். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

மகள் வந்து எட்டிப் பார்த்தாள். “அம்மா, இதுல என் ஃப்ரெண்ட் எந்தக் கட்டத்துல இருக்கா?”

“ஃப்ரெண்ட்லாம் சிலபஸ்ல வராதுடி.”

அவள் திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டாள். எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. பதின்மூன்றாவது கட்டம் போடும் அளவுக்கு இல்லை.

சனிக்கிழமை மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கப் பள்ளிக்குப் போனேன். மகளும் கூடவே வந்தாள். அன்றைக்குத்தான் வகுப்பின் சுவர்ப் பத்திரிகை மாட்டியிருந்தார்கள். இந்த ஊரில் பிள்ளைகள் கதை, கவிதை, படம் எல்லாவற்றையும் கையால் எழுதி, பெரிய அட்டையில் ஒட்டித் தாழ்வாரச் சுவரில் மாட்டிவிடுவார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று படிப்பார்கள். அதில் இவள் கதையும் வந்திருக்கிறது என்று ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள்.

“நீ என்னிக்கு எழுதின?”

“நான் சொன்னேன், அவ எழுதினா. டிஃபின் டயத்துல.”

அவள் என்றது அந்த ஃப்ரெண்டைத்தான். வீட்டில் இட்லி கேட்பதைத் தவிர மகளுக்கு எல்லாமே வங்காளம்தான். சண்டை, கனவு, கணக்கு எல்லாம் அதில்தான். எழுதப் படிக்க மட்டும் தெரியாது. எனக்கோ காய்கறி பேரம் பேசும் அளவுக்கு வாய் உண்டு, பஸ் போர்டில் எண்ணைத் தவிர ஒன்றும் படிக்க வராது.

தாழ்வாரத்தில் ஃப்ரெண்ட் காத்திருந்தாள். மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுவர் முன்னால் நிறுத்தினாள். மேலே ஒரு பூனைப் படம், கீழே மகளின் பெயர், நடுவில் முத்து முத்தாக இரண்டு பக்கம். “படி, கேக்கலாம்” என்றேன், யோசிக்காமல்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கு எப்படிம்மா தெரியும்?” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஃப்ரெண்ட் விரல் வைத்து உரக்கப் படித்தாள். டிராம் டிப்போவில் ஒரு பூனை இருக்கிறது. தினமும் டிராமில் ஏறி ஊர் சுற்றி வருகிறது. ஒருநாள் அந்தத் தடத்தையே நிறுத்திவிடுகிறார்கள். பூனை தண்டவாளத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறது. மகளின் உதடுகள் கூடவே அசைந்தன. கதை அவளுக்கு மனப்பாடம். கடைசியில் பூனை தன் சித்தி வீட்டுக்குப் போய், மீன் சாப்பிட்டு, சந்தோஷமாகத் தூங்கிவிட்டது என்று ஃப்ரெண்ட் முடித்தபோது அந்த உதடுகள் நின்றுவிட்டன.

“நான் அப்படிச் சொல்லல” என்றாள் மகள், வங்காளத்தில். “தண்டவாளத்து மேலயே நடந்து போயிடுச்சுன்னு சொன்னேன். எங்கேன்னு யாருக்கும் தெரியாதுன்னு சொன்னேன்.”

“அது அழுகையா இருந்துச்சு. அதான் மாத்தினேன்.”

“என் பூனைக்குச் சித்தியே கிடையாது!”

கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது அவளுக்கு. ஃப்ரெண்டுக்கும்தான். பாவம், நல்லது செய்வதாக நினைத்துச் செய்திருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊரார் பிழையை வரிக்கு வரி சரிபார்ப்பவள் நான். என் பெண்ணின் பெயர் போட்டு ஒரு கதை சுவரில் தொங்குகிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளால் சரிபார்க்க முடியவில்லை. பக்கத்தில் நிற்கும் என்னாலும் முடியவில்லை. அவளை அப்படி நிறுத்தியது சாட்சாத் நான்தான்.

தலைமை ஆசிரியை மாற்றுச் சான்றிதழ் படிவத்தோடு தன் அறை வாசலில் நின்றிருந்தார். உள்ளே போய் உட்கார்ந்ததும், “இவளுக்கு இப்ப வங்காளம் எடுக்க முடியுமா?” என்று கேட்டேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

அவர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நாலு வருஷப் பாடம் பாக்கி இருக்கு. லீவு முழுக்க உக்காந்தாலும் முதல் வருஷம் அந்தப் பாடத்துல கடைசியாத்தான் வருவா. இதுவரைக்கும் அவ ரெண்டாவது ரேங்குக்குக் கீழ போனதில்ல. உங்களால தாங்க முடியுமா?” என்று வங்காளத்தில் கேட்டார். அவளால் முடியுமா என்று கேட்கவில்லை. என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

“முடியாது” என்றேன். “ஆனா எடுக்கட்டும்.”

அங்கிருந்தே கணவருக்குப் போன் செய்தேன். “டிரான்ஸ்ஃபர் வந்துட்டா?” என்றார்.

“வந்தா நீங்க போங்க. லீவுக்கு வந்து எங்களப் பாத்துட்டுப் போங்க.”

அவர் சிரித்த சிரிப்பு தலைமை ஆசிரியைக்கும் கேட்டிருக்கும்.

வெளியே வந்தால், ஃப்ரெண்ட் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கையில் பசையோடு நிற்கிறாள். கதையின் கடைசி நாலு வரிமேல் ஒரு வெள்ளைத்தாள் துண்டு ஒட்டியாகிவிட்டது. “காலியா இருக்கட்டும்மா” என்றாள் மகள். “நானே எழுதிக்கறேன்.” பின்னாலேயே வந்த தலைமை ஆசிரியை தாளின் ஓரம் தூக்கியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார்.

முதல் பரீட்சையில் வங்காளத்தில் ஐம்பதுக்கு ஒன்பது வாங்கினாள். நான் சொன்னபடியே தாங்கவில்லை, அன்றைக்கு யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் பாட்டுக்கு நாலு இட்லி சாப்பிட்டாள். சுவர்ப் பத்திரிகையில் மற்ற தாள்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள், பூனைக் கதையை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். போன வாரம் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது பார்த்தேன். வெள்ளைத் துண்டில் ஒன்றரை வரி ஏறியிருக்கிறது. கோணல் மாணலான எழுத்து, இரண்டு இடத்தில் அழித்த கறை.

“என்னடி எழுதியிருக்க?” என்று கேட்டேன்.

“முழுசா முடியட்டும்மா” என்றாள். “படிச்சுக் காட்டறேன்.”