வேலிக் கணக்கு

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆண்டாய்வு வந்த வருஷம் நான் நாலாம் வகுப்பு. வகுப்பு டீச்சர் என் சித்தி. வெள்ளகோவிலுக்குத் தெற்கே, பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை என்கிற ஊர் எங்களுடையது. அங்கே வேலை கிடைத்ததால் சித்தி எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். சித்தப்பாவும் மூன்று வயதுகூட நிரம்பாத பையனும் கொடுமுடியில். பையனைச் சித்தப்பாவின் அக்கா வளர்த்தாள். சனிக்கிழமை போய் ஞாயிறு சாயங்காலம் திரும்பும் சித்தியிடம் அன்றைக்கு யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டோம். சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள்.

கொடுமுடிப் பக்கம் மாறுதல் கேட்டு எழுதிப் போட்டிருந்தாள். எங்கள் வட்டாரத்துப் பள்ளிகளைச் சோதிக்கும் அதிகாரி, "ஆய்வு நல்லபடியா முடியட்டும், சிபாரிசு பண்றேன்" என்று சொல்லியிருந்தாராம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பிழிந்து எடுத்துவிட்டாள். வாய்ப்பாடு, வாசிப்பு, நகம் வெட்டுவது, எண்ணெய் வைத்துத் தலை வாருவது, ஒன்றையும் விடவில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொன்னாள்.

"வர்றவங்க பெரியவங்க. என்ன சொன்னாலும் சரிங்க சார்னு சொல்லோணும். எதுத்துப் பேசப்படாது, ஆமா."

இதை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. வீட்டுக்கு வந்தவர் பட்டப்பகலை ராத்திரி என்றாலும் "ஆமாங்க" என்று விளக்கை ஏற்றி வைக்கிற ஜனம் நாங்கள்.

அதிகாரி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தலைமையாசிரியர் கைகட்டி அவர் பின்னாலேயே வந்தார். வாசிக்கச் சொன்னார், வாசித்தோம். வாய்ப்பாடு கேட்டார், ஒப்பித்தோம். சித்தி முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்தது. போகிற மனுஷர் அப்படியே போயிருக்கக் கூடாதா? கடைசியாக ஒரு மனக்கணக்குப் போட்டார்.

"நூறடி நீளத்துக்கு ஒரு வேலி. பத்தடிக்கு ஒரு கல்லுக்கால். மொத்தம் எத்தனை கால்? சிலேட்டுல எழுதுங்க."

இது ஒரு கணக்கா? வேலி போடுகிற இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வளர்ந்தவர்கள் நாங்கள். ரெண்டு கோடியிலும் கால் இல்லாவிட்டால் கம்பியை எதில் கட்டுவது? எல்லோரும் பதினொன்று என்று எழுதினோம்.

முதல் சிலேட்டைப் பார்த்தார். "தப்பு. நில்லு." அடுத்தது. "தப்பு. நில்லு." இப்படியே வகுப்பு முழுவதும் எழுந்து நின்றுவிட்டது.

"என்ன டீச்சர் இது? நூறைப் பத்தால வகுக்க ஒருத்தருக்கும் தெரியலையே! என்னத்தைச் சொல்லிக் குடுத்தீங்க?"

சித்தி "சார்..." என்று வாயெடுத்தாள். அதிகாரியின் முதுகுக்குப் பின்னாலிருந்து தலைமையாசிரியர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். சித்தி வாயை மூடிக்கொண்டாள். சொல்லு சித்தி, சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன். அவளோ சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அதிகாரி சலிப்போடு ஜன்னல் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

பக்கத்தில் நின்ற முத்துச்சாமி என் காதில் கிசுகிசுத்தான்.

"அம்மணி, அழிச்சுப்போட்டு பத்துனு எழுது. டீச்சரு அழுதுருவாங்க."

அந்தப் பேச்சு வரிசை வரிசையாக ஓடியது. எச்சில் தொட்டுப் பாவாடையிலும் சட்டையிலும் துடைத்தோம். பத்து எழுதினோம். சித்தி நிமிர்ந்து பார்த்தபோது வேலை முடிந்திருந்தது. அவள் கண்ணால் எதையோ தடுக்கப் பார்த்தாள். தன்னைக் காப்பாற்ற வேண்டாம் என்கிறாள் என்று எந்தக் குழந்தைக்குப் புரியும்?

ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடத்தின் கம்பி வேலி. அதிகாரி அதையே வெகுநேரம் பார்த்தார். கால்களை எண்ணுகிற மாதிரி விரல் மெல்ல ஆடியது. திரும்பியபோது அவர் முகம் வேறாக இருந்தது.

"சிலேட்டைத் தூக்கிக் காட்டுங்க."

காட்டினோம். எல்லாம் பத்து. என் சிலேட்டை வாங்கித் தடவிப் பார்த்தார். ஈரம் காயவில்லை.

"முன்னாடி பதினொண்ணுனு இருந்துதே? பயப்படாம சொல்லுங்க. பத்தா, பதினொண்ணா?"

குரல் தணிந்து வந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவருக்கு எது பிடிக்கும் என்று முகத்தில் தேடினோம், கிடைக்கவில்லை. முத்துச்சாமிதான் துணிந்தான்.

"நீங்க சொல்றதுதானுங்க சார்."

"ஆமாங்க சார்!" என்றோம் எல்லோரும், பாடின மாதிரி.

அவர் சிலேட்டைக் கீழே வைத்தார். "பதினொண்ணுதான் சரி. தப்பு என்னுது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே டீச்சர், ஏன் சொல்லலை?"

"நீங்க பெரியவங்க... எப்படிங்க சார் சொல்றது?"

அவர் எழுதிவைத்துப் போன குறிப்பைச் சாயங்காலம் தலைமையாசிரியர் படித்துக் காட்டினார். ஒழுக்கம் மிக நன்று, மாணவர்களைச் சுயமாகச் சிந்திக்கப் பழக்க வேண்டும். 'மிக நன்று' மட்டும்தான் எங்கள் காதில் விழுந்தது. கைதட்டினோம். சிபாரிசை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஸ்கூட்டரைக் கிளப்பும்போது சித்தியிடம் சொல்லிவிட்டுப் போனாராம். அந்த மனுஷரைத் திட்ட இன்றைக்கு வரைக்கும் எனக்கு ஒரு காரணம் அகப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

அன்று நான் தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடினேன். "சித்தி இன்னொரு வருசம் நம்மூட்லதான் இருப்பாங்களாம்!" அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் நினைவிருக்கிறது. எதற்குக் கிள்ளினாள் என்று மட்டும் அப்போது தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை அடம்பிடித்து நானும் சித்தியோடு கொடுமுடிக்குப் போனேன். தம்பி அவன் அத்தையின் இடுப்பில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். "சித்தி, தம்பி எத்தாச்சோடு வளந்துட்டான் பாருங்க!" என்று கத்திக்கொண்டே முன்னால் ஓடினேன். சித்தி பையைக் கீழே போட்டுவிட்டு, "வா கண்ணு" என்று ரெண்டு கையையும் நீட்டினாள்.

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அத்தையின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அம்மா, சித்தி வந்துட்டாங்க" என்றான்.

அவன் அத்தை பதறிப்போய் ஏதோ சொல்ல வந்தாள். சித்தி கையமர்த்தினாள்.

"ஆமாங்க கண்ணு. சித்திதான் வந்திருக்கேன்."

எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. கைகொட்டிச் சிரித்தேன்.