மச்சுப்படி வைத்த புளியமரம்

எங்கள் சோளக்காட்டுப் புளியமரத்தில் பரண் கட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பலகையும் கயிறும் இருந்தால் ஒரு பொழுதில் முடிந்துவிடும். அந்தப் பரணுக்கு எதன் மேல் கால் வைத்து ஏறுவது என்பதில்தான் தொண்ணூறுகளின் நடுவே ஒரு வருசம் எனக்குத் தூக்கம் போனது.

மதுக்கரைக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். அதைத்தான் எங்கள் பக்கம் காடு என்போம். சோளம் பால் பிடித்துவிட்டால் பன்றியும் யானையும் கூப்பிடாமலே வந்து நிற்கும். அதனால் கதிர் வருவதற்கு முன்பே எல்லாரும் காவல் மரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். பழைய பரணைப் பிரித்து, கறையான் அரித்த பலகையை மாற்றி, ஏறுவதற்குப் புதிதாக ஒரு மூங்கில் வெட்டுவார்கள். பக்கக் கிளைகளை ஒட்ட நறுக்காமல், கால் வைக்கிற அளவுக்குக் கட்டையாக விட்ட ஒற்றை மூங்கில். இந்தப் பக்கம் ஒரு காலுக்கு ஒரு கட்டை, கொஞ்சம் மேலே அந்தப் பக்கம் அடுத்த காலுக்கு ஒன்று. ஏறி முடித்ததும் மூங்கிலை மேலே இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அறுப்புவரைக்கும் யார் பரண் ஏறுகிறாரோ அவர்தான் அந்தக் காட்டில் பண்ணையம் பார்க்கிறவர் என்பது ஊர்ப் பேச்சு.

முந்தின வருசம் என் வீட்டுக்காரர் அந்த மூங்கிலிலிருந்து வழுக்கி விழுந்து இடது முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகு நடக்க வந்தது, மடக்க வரவில்லை. ஆனால் அதைப் பற்றி யாராவது கேட்டால் "செரியாயிருச்சுங்க" என்று வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விடுவார். என்னிடமும் அதே பதில்தான்.

ஆடி நோம்பிக்கு விருந்து வந்த அவருடைய அண்ணன், இலையில் கை வைத்துக்கொண்டே எல்லார் முன்னாலும் பேச்சை எடுத்தார்.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு நீ எங்க தம்பி பரண் ஏறப் போறே? காட்டை இனி நா பாத்துக்கறேன். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு மில்லுல வாட்ச்மேன் வேணும்னாங்க. சேர்ல உக்காந்திருந்தாப் போதும். புரட்டாசி அமாவாசைக்கு நானே மூங்கில் வெட்டிட்டு வாரேன்."

நல்லெண்ணத்தில் சொன்னாரோ என்னவோ. என் வீட்டுக்காரர் ரசம் ஊற்றச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பிறந்ததிலிருந்து அந்த மண்ணைத் தவிர வேறொன்றும் தெரியாத மனுசன், போய் லாரிக்குக் கேட் திறந்துவிட வேண்டுமா? அடுப்படிக்குள் போய்ச் சட்டுவத்தை விட்டெறிந்தேன். அது யார் மேலும் படவில்லை என்பதுதான் எனக்கு அன்றைக்கு வருத்தம்.

ஒரு மத்தியானம் நான் மாட்டுக்குத் தீவனம் போடக் கட்டுத்தரைக்குப் போனபோது, இவர் பழைய மூங்கிலைச் சுவரில் சாய்த்து வைத்து ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கால் கட்டையில் நன்றாகத்தான் ஊன்றியது. இடது கால் அடுத்த கட்டைக்கு மேலே போக வேண்டும். முழங்கால் மடங்கினால்தானே போகும்? அப்படியே தொங்கிக்கொண்டு நின்றார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டேன். தீவனக் கூடை கையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் கால் போகிற இடமெல்லாம் என் கண்ணும் போனது. டவுன் பஸ்ஸில் ஏறும்போது கவனித்தேன். முதலில் வலது காலை வைத்து உடம்பைத் தூக்கினார். பிறகு இடது காலை இழுத்து அதே படியில் பக்கத்தில் வைத்தார். அப்புறம்தான் அடுத்த படி. பஸ் படி எவ்வளவு உயரம் என்று தெரியுமல்லவா, அதில் அவருக்குச் சிரமமே இல்லை. ரெண்டு காலுக்கும் ஒரே படியில் இடம் வேண்டும், அவ்வளவுதான் விசயம். மூங்கிலில் அந்த இடம் இல்லை.

"ஏனுங்க, உக்கடம் வரைக்கும் போலாம் வாங்க" என்றேன்.

"எதுக்கு?"

"பரணுக்குப் படி வாங்கோணும். எனக்கு."

"உனக்கா?"

"ஆமாங்க. இந்த வருசம் நானும் காவலுக்கு வாரேன். சேலையக் கட்டிக்கிட்டு மூங்கில்ல ஏற முடியுங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிறவள் நான். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

உக்கடத்தில் பழைய வீடு இடித்த சாமான்கள் விற்கிற கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் பாய் முதலில் இரும்பு ஏணி ஒன்றைக் காட்டினார். கம்பி ஒல்லி, பனி பெய்தால் வழுக்கும். அடுத்து நூலேணி. நான் காலை வைத்ததும் அது என்னை ஊஞ்சலாட்டிவிட்டது. வேண்டாம் என்றேன். கதவுகளுக்குப் பின்னால் சாய்ந்திருந்ததைப் பார்த்ததும்தான் மனசு நின்றது. அந்தக் காலத்து வீடுகளில் மச்சுக்கு ஏறுவதற்கு வைத்திருந்த மரப்படி. கனமான சட்டம், ஒவ்வொரு படியும் அகலப் பலகை. ஏறி ரெண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றேன். அடுத்த படியிலும் அப்படியே நின்றேன்.

"ஏம்மா, ஒரு படிக்கு ஒரு கால் போதாதுங்களா?" என்றார் பாய்.

"நமக்கு உசரம்னா பயம்ங்க பாய். ஒவ்வொரு படியிலயும் நின்னு சாமியக் கும்பிட்டுட்டுத்தான் அடுத்ததுக்குப் போவேன்."

பாய் சிரித்தார். இவர் அந்தப் பக்கம் திரும்பி, ஒரு பழைய கதவின் தாழ்ப்பாளைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

மதுக்கரைக்கு சிமெண்ட் ஏற்றப் போகிற காலி லாரி ஒன்றில் படியைக் கொண்டுவந்து சேர்த்தோம். உயரம் பற்றவில்லை. ஊர் ஆசாரி அதே அகலத்துக்குப் பலகை அறுத்து மேலே கூட்டிக்கொடுத்து, சங்கிலி போட்டு மரத்தோடு இறுக்கினார். பக்கத்துக் காட்டுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "அப்படியே மேல ஒரு ஃபேனும் மாட்டிருங்க" என்றார் ஒருவர். "கரண்டு உங்கூட்டுலிருந்து இழுத்துக்கறமுங்க" என்றேன்.

அமாவாசையன்று அண்ணன் தோளில் மூங்கிலோடு வந்தார். படியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, கல்யாண மண்டபமா கட்டறே? யாருக்கு இது?"

"எனக்குங்க" என்றேன் நான்.

"அப்படியா. செரி, ஏறு அம்மணி, பாப்போம்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததற்குக் கூலி உடனே கிடைத்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். பாதிவரைக்கும் ஏதோ வேகத்தில் போய்விட்டேன். அங்கே படிகளுக்கு நடுவே இருந்த சந்தில் தரை தெரிந்தது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. சட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

"எறங்கிரு அம்மணி, எறங்கிரு" என்றார் அண்ணன்.

அப்போது படி அதிர்ந்தது. யாரோ எனக்குக் கீழே ஏறி வருகிறார்கள். ஒரு கால் வைக்கிற சத்தம், உடனே அதே பலகையில் இன்னொரு கால் வந்து சேர்கிற சத்தம். என் கணுக்காலுக்குப் பக்கத்தில் அவர் கை வந்து சட்டத்தைப் பிடித்தது. காதோடு சொல்லவில்லை, பக்கத்துக் காட்டுக்குக் கூப்பிடுகிற குரலில்தான் சொன்னார்.

"பயப்படாதே புள்ள. ஒரு படியில ரெண்டு காலையும் வெச்சு நின்னுக்க. அப்பறம் அடுத்த படி. எனக்கு எடது காலு மடங்காது, நா அப்படித்தான் ஏறறேன். அதுக்குத்தானே இதைப் பாத்துப் பாத்து வாங்கினே."

கால் மடங்காது என்று அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் தன் அண்ணன் நிற்கும்போது சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து, "அவ்வளவுதான், வந்துட்டோம்" என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே என்னைப் பரணில் ஏற்றினார். பின்னாலேயே அவரும் வந்து, நீட்டின காலை நீட்டினபடியே வைத்து உட்கார்ந்தார்.

கீழே அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இந்த வருசம் காவல் யாரு தம்பி?"

"நாந்தானுங்கண்ணா."

அண்ணன் தலையை ஆட்டினார். தோளிலிருந்த மூங்கிலைக் கீழே போட்டார். "மேல கூரை போடாம மழைக்கு என்ன பண்ணுவே? இது குறுக்குச் சட்டத்துக்கு ஆகும்" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். கால் வைக்க விட்டிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்ட நறுக்கத் தொடங்கினார்.